வாசனை லைன்

ஜூலை 3, வியாழன்

தோல் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவளுக்கு நோட்டு எழுத ஆசையா? "என்ன சோப்பு, என்ன பவுடர், எப்ப அரிச்சுது, எப்ப எரிஞ்சுது, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க. ஆறு வாரம் கழிச்சு நோட்டோட வாங்க" என்றார். என் மகள் அபியின் பழைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் சும்மா கிடந்தது. அதில் ஆரம்பித்திருக்கிறேன்.

நான்கு மாதமாக இரண்டு அக்குளும் கறுத்து வெடித்துக் கிடக்கின்றன. வலது பக்கம் கொப்புளம் வைத்து உடைந்து புண்ணாகிவிட்டது. கையை இறக்கினால் எரிச்சல், தூக்கினால் வலி. எனக்கோ சேலையை விரித்துக் காட்டுவதுதான் பிழைப்பு. திருநெல்வேலி ஜங்ஷனில் நான்கு மாடி ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு, பதினாலு வருஷ சர்வீஸ். கையைத் தூக்காமல் சேலை விரிக்க முடியுமா?

"ஸ்ப்ரே அடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"கடையில அடிப்பாவ மேடம். எல்லாப் பொம்பளப் பிள்ளையளுக்கும். காலையில லைன்ல நிக்க வச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "லைன்ல நிக்க வச்சா?"

ஆமாம், லைனில் நிற்க வைத்துத்தான். கடை திறக்கும் முன் ஒன்பது பத்துக்கு இருபத்தாறு பெண்களும் தரைத்தளத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பூ வைத்திருக்கிறோமா, பொட்டு இருக்கிறதா, சேலை மடிப்பு சரியா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு "கையைத் தூக்கு". ஒரே டப்பாவால் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் அடிப்பார்கள். பிள்ளைகள் இதற்கு வாசனை லைன் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்த வாசனைச் சரக்கு என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். இனிமேல் அடிக்கவே கூடாதாம். அடுத்தவளுக்கு அடிக்கும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாதாம். "அடிச்சா புண்ணு ஆறாது. உள்ளே சீழ் வச்சா கீறி எடுக்கத்தான் வேணும். வேர்வை ஒண்ணும் வியாதி இல்லம்மா, கழுவுனாப் போயிரும்" என்றார்.

ஸ்ப்ரேயை விட்டால் வேலை போகும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மாத்திரையா எழுதித் தரப்போகிறார்? எனக்கு வயது நாற்பத்தொன்று. ஆள் தேவை போர்டில் எல்லாம் பதினெட்டு முதல் இருபத்தெட்டு வரை என்றுதான் போடுகிறான். அதைத் தாண்டியவளுக்கெல்லாம் வயிறு கிடையாது போலிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் வெறும் தண்ணீர்க் குளியல். சோப்பு இல்லை, பவுடர் இல்லை.

என் வீட்டுக்காரர் சுயம்பு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நேற்றே சலூனில் போய் ஒரு படிகாரக் கல்லை வாங்கி வந்துவிட்டார். "சேவு பண்ணி முடிச்சதும் தேய்ப்பாம்லா, அந்தக் கல்லுதான். வாடையே வராது, தேச்சுப் பாரு" என்றார். புண்ணில் படிகாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வைத்த மாத்திரத்தில் உயிர் போய் உயிர் வந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "ஆறின பெறவு தேச்சுக்கிடலாம்" என்று அவர் கல்லைப் பொட்டலம் கட்டி எடுத்து வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டினார், நான் பார்த்தேன்.

கடைக்குப் போனதும் ஃப்ளோர் மேனேஜர் ஞானதுரையிடம் டாக்டர் சீட்டை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடித் தள்ளுபடி வருதும்மா பிரம்மசக்தி. கூட்டம் அள்ளும். இந்த நேரத்துல ஒனக்கு ஒரு ரூல், மத்த பிள்ளையளுக்கு ஒரு ரூல்னு போட்டா லைன் என்னத்துக்கு ஆவும்? அதுவும் நீயே சொல்லலாமா?"

நீயே என்று ஏன் சொன்னார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தேவைப்படலாம். அந்த ஸ்ப்ரே டப்பா என் கையில்தான் இருக்கும். அடிப்பது நான்தான். பெண் பிள்ளைகளின் அக்குளில் ஆம்பிளை அடிக்க முடியாது அல்லவா, அதனால் சீனியர் என்று என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்த வேலையைச் செய்தேன்.

இன்றும் இருபத்தைந்து பேருக்கும் அடித்தேன். கடைசியில் என் முறை வந்தபோது டப்பாவின் வாயை வெளிப்பக்கம் திருப்பிக் காற்றில் அடித்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அரிப்பு குறையவில்லை. மதியம் மீன் குழம்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதச் சொன்னார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு வார லீவு. துணி துவைத்தேன். யூனிஃபார்ம் பிளவுஸ் இரண்டுதான் தருகிறான் முதலாளி. இரண்டும் பாலியஸ்டர். உள்ளே காற்று போகாது, வேர்வை வெளியே வராது. அதைப் போட்டுக்கொண்டு பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும். ஏசி கஸ்டமர் நிற்கும் பக்கம் பார்த்து வீசும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வரும்போது அது ஓய்ந்துவிடும். பெண்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரே ஒரு கக்கூஸ். அதற்கும் டோக்கன் வாங்கிப் போய் வர வேண்டும், ஐந்து நிமிஷம். இத்தனையும் செய்துவிட்டு, ஏன் நாறுகிறாய் என்று எங்களையே கேட்பான். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

டாக்டரம்மா தந்த தாளில் கேள்விகள் இருக்கின்றன. ஸ்ப்ரே எப்போது ஆரம்பித்தது? போன தீபாவளி சமயத்தில். யார் சொல்லி? கடையில் சொன்னார்கள். ஏன்? ஒரு பெண்ணைப் பற்றி கஸ்டமர் புகார் வந்தது, அதனால்.

மாரிக்கனி என்று ஒருத்தி. இருபத்து நாலு வயது இருக்கும். சுடிதார் பிரிவிலிருந்து பட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவளிடம் வாடை வருகிறது என்று கருத்துப் புத்தகத்தில் யாரோ எழுதிவிட்டார்கள். அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து வாசனை லைன். எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது.

இதெல்லாம் தோல் வியாதிக்கு எதற்கு?

ஜூலை 12, சனி

மாஸ்க் போட்டுக்கொண்டு அடித்தேன். கண் எரிந்தது. பதினைந்தாவது ஆளுக்கு வரும்போது இருமல் பிடித்துக்கொண்டது. ரூபி முதுகைத் தட்டிவிட்டாள். ரூபி மூன்று வருஷம் முன்னால் வந்தவள். பட்டுச் சேலையை எப்படி மடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மதியம் இரண்டு மணிக்குமேல் நிற்க முடியவில்லை. ரேக்கில் சாய்ந்தேன். சாயாதே என்று மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் ஞானதுரை. கஸ்டமர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த புதிதில் முதலாளி நாலு ஸ்டூல் வாங்கினான். லேபர் ஆபீசர் வந்த அன்றைக்குக் கீழே இறக்கினான். போன அன்றைக்கே மேலே ஏற்றிவிட்டான். இப்போது அவற்றின் மேல் வேட்டிக் கட்டு அடுக்கியிருக்கிறது. சட்டமும் வந்துவிட்டது, ஸ்டூலும் வந்துவிட்டது, வேட்டி மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கடையிலிருந்து வந்து பார்த்தால் வாசலில் ஒரு சாக்கு. அபியின் பள்ளிக்கூடத்தில் பசுமை மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாளையங்கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்தார்களாம். கிடைத்ததைத் தரம் பிரித்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி ஆளுக்கொரு சாக்கு.

"இங்க பாரும்மா" என்று தரையில் கவிழ்த்தாள். பால் கவர், செருப்பு, மருந்துப் பாட்டில். அவற்றுக்கு நடுவே ஸ்ப்ரே டப்பாக்கள். பதினொன்று.

அவள் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பு மார்க்கரில் "14.5 பி.ச." என்று எழுதியிருந்தது.

"ஒன் எழுத்துதானம்மா இது?"

என் எழுத்துதான். எவளும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் திறந்த தேதியும் என் பெயரும் போட்டு வைப்பேன். நானாக யோசித்துச் செய்தது. ஞானதுரை மைக்கில் பாராட்டினார். காலி டப்பா எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடைக் குப்பையோடு வேனில் போகும், அவ்வளவுதான் தெரியும். அங்கே உள்ளவர்கள் சொன்னதாக அபி சொன்னாள்: ஏதோ ஒரு கடை வேன் கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டுத் தீ வைத்துவிட்டுப் போகிறதாம். டப்பா சூடேறி வெடிக்கிறதாம். அங்கே பழைய இரும்பு பொறுக்குகிற ஒருத்தருக்கு முழங்கையில் கிழித்துவிட்டதாம். மற்றதெல்லாம் தண்ணீரில்.

"டீச்சர் இது எந்தக் கடைன்னு கேட்டாங்க" என்றாள் அபி. "தெரியல மிஸ்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"ஒன் பேரு இருக்குல்லாம்மா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. குப்பையை வீட்டுக்குள் கொண்டுவருவியா, படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கத்தித் தீர்த்துவிட்டேன். அவள் பதினொன்றையும் சாக்கில் அள்ளிப் போட்டாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபமே இல்லை. என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள், அதைத் தாங்க முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காலையில் டப்பாவை ஞானதுரையின் மேஜையில் வைத்துவிட்டேன்.

"இனிமே நான் அடிக்க மாட்டேன் சார். எனக்கும் அடிச்சுக்கிட மாட்டேன். டாக்டரு கூடாதுன்னுட்டாவ. குளிச்சுத்தான் வாரேன். பருத்தித் துணி உள்ள வச்சிருக்கேன், மதியம் மாத்திக்கிடுதேன்."

"இன்னைக்கு ஆடி மொத நாளும்மா."

"தெரியும் சார்."

"கஸ்டமர் மூஞ்சச் சுளிச்சா நான் பொறுப்பில்ல." டப்பாவை எடுத்து ரூபியிடம் கொடுத்தார். "நீ அடி. தேதி போட்டு வச்சுக்கோ, அக்கா போடுத மாதிரி."

ரூபி வரிசையில் அடித்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் நின்றாள். நான் கையைத் தூக்கவில்லை. அவள் ஞானதுரையைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஷட்டருக்கு அந்தப் பக்கம் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அதனால் இன்றைக்குத் தப்பித்தேன்.

இரவு பார்த்தேன். வலது பக்கப் புண்ணின் ஓரம் காயத் தொடங்கியிருக்கிறது.

ஜூலை 19, சனி

ஆத்திரத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் டாக்டரம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் லைனில் கருத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தார் ஞானதுரை. அது தரைத்தளத்தில் தண்ணீர் கேன் பக்கத்தில் கிடக்கும், கஸ்டமர் எழுதுவதற்காக. அதைத் திறந்து சத்தமாகப் படித்தார். "பட்டுப் பிரிவில் இருக்கும் உயரமான பெண்ணிடம் வியர்வை நாற்றம் தாங்க முடியவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பட்டில் நிறுத்தலாமா?"

உயரமான பெண் நான்தான். படித்துவிட்டு என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னார்.

"ரூபி, பக்கத்துல போய்ப் பாரு."

எல்லோர் முன்னாலும், நாற்பத்தொரு வயதுக்காரியை, பதினாலு வருஷம் உழைத்தவளை, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒருத்தியை விட்டு மோந்து பார்க்கச் சொன்னான். இனிமேல் அவனுக்கு அவர் இவர் எல்லாம் கிடையாது. ரூபி பக்கத்தில் வந்தாள். குனிந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "லேசா இருக்கு சார்."

"நாளைக்கழிச்சு ஒனக்கு லீவு. புதன்கிழம காலையில கையத் தூக்கி லைன்ல நில்லு. இல்லன்னா ஐடி கார்டக் குடுத்துட்டுப் போயிரு" என்றான். செவ்வாய்தான் என் லீவு என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதை எழுதியது ரூபிதான். எனக்குத் தெரியும். கஸ்டமர் யாரும் உயரமான பெண் என்று எழுத மாட்டார்கள். புகார் எழுதுகிறவர்களுக்கு நம் உயரமா கண்ணில் படும், நாம் மனுஷியாகவே கண்ணில் பட மாட்டோம். இது கூட வேலை செய்கிறவள் எழுதுகிற எழுத்து. மதியம் கடை அசந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய், புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, ஒரே நிமிஷத்தில் எழுதிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எப்படித் தெரியும் என்றால், நான் அப்படித்தான் எழுதினேன்.

எழுதிவிட்டேன். இனிமேல் இந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை.

மாரிக்கனியைப் பற்றி எழுதியது நான். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என்னிடம் வருகிற குடும்பம். வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய், "அந்தப் பிள்ள நல்லாக் காட்டுது" என்று மாரிக்கனி முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் சிரித்துச் சிரித்துச் சேலை விரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு நல்ல மழை. ஒரு வாரமாக மழை. இரண்டே பிளவுஸ், இரண்டும் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாடை இருந்தது, அது பொய்யில்லை. எல்லோரிடமும்தான் இருந்தது. நான் அவளை மட்டும் எழுதினேன்.

மறுநாள் அவளை முன்னால் நிற்க வைத்து, மோந்து பார்க்கச் சொல்லி ஞானதுரை கூப்பிட்டதும் என்னைத்தான். நான் குனிந்தேன். "ஆமா சார்" என்றேன். லேசா என்றுகூடச் சொல்லவில்லை.

ரூபிக்கு என்னிடம் இல்லாத ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் அவள் மேலும் கோபப்பட முடியவில்லை. யார் மேல்தான் படுவது?

ஜூலை 20, ஞாயிறு

எரிச்சல் இல்லை. இடது பக்கம் தோல் உரிந்து புதுத் தோல் தெரிகிறது. உடம்புக்கு என்ன, அது பாட்டுக்கு ஆறிக்கொண்டு போகிறது.

ஜூலை 22, செவ்வாய்

மாரிக்கனி தென்காசி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் லோடு ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "நான் அங்கன டீக்கடையில நிக்கேன். முடிச்சுட்டு வா" என்றார். நேற்று ராத்திரி அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மாரிக்கனி நீலச் சட்டை, தொப்பி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. வண்டி எங்க?"

"வண்டி இல்லட்டி. ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. இங்க உக்காரலாம். வண்டி வராதப்ப நாங்க எல்லாருமே உக்காருவோம்."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் புத்தகத்துல எழுதுனது நாந்தான் மாரி."

ஒரு பைக் வந்தது. இருநூறுக்குப் போட்டாள். சில்லறை கொடுத்தாள். குழாயை அதன் இடத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகு சொன்னாள்: "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எம் பக்கத்துல யாருக்கா வந்தா? துணி காயாம நாறுதுன்னு எனக்கே தெரியும்லா. எல்லாரட்டயும் ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். கஸ்டமரு கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பாவ. சோத்து நேரத்துல நீங்க ஒருத்திய மட்டுந்தான் எம் பக்கத்துல ஒட்டி உக்காருவிய. நான் தள்ளி உக்காந்தாலும், வா பிள்ளன்னு கையப் பிடிச்சு இழுத்து உக்கார வைப்பிய. வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோடு என்றுகூடப் பார்க்கவில்லை.

"அழாதிய. கேமரா இருக்கு. மொதலாளி என்னன்னு கேப்பாரு."

"மன்னிச்சிருட்டி."

"இப்ப ஒங்களுக்கும் எழுதிட்டாவளா?"

தலையை ஆட்டினேன்.

"அதான் வந்திருக்கிய" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பெட்ரோல் விலை சொல்வது மாதிரி சொன்னாள். "எழுதாட்டி வந்திருக்க மாட்டிய. அன்னைக்கு வீட்டுக்குப் போயி பிளவுஸ அவுத்து மோந்து மோந்து பாத்தேன்க்கா. மூணு மாசம் பஸ்ஸுல ஏற மாட்டேன். பக்கத்துல ஆளு உக்காந்துருவாவளேன்னு நடந்தே போவேன். மன்னிக்கச் சொல்லுதிய. எனக்கு மன்னிக்க வரல. வந்தா சொல்லுதேன்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு. செய்யுதேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன? எனக்குத்தான் முன்னயே தெரியுமே. என்னய நிப்பாட்டுன எடத்துல போயிச் சொல்லுங்க. அங்க இருக்க இருபத்தஞ்சு பேரும் இன்னும் நான் நாறுனேன்னுதான் நினைச்சிட்டு இருக்காவ."

அடுத்த வண்டி வந்தது. அவள் போய்விட்டாள்.

ஜூலை 23, புதன்

சொல்லிவிட்டேன்.

ஒன்பது பத்துக்கு வழக்கம்போல லைன். பூ, பொட்டு, மடிப்பு. ஞானதுரை என் முன்னால் வந்து நின்றான். "என்னம்மா, கையத் தூக்குதியா?"

நான் வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தேன். மாரிக்கனியை நிறுத்திய அதே இடம், பில் கவுண்டருக்கு நேர் எதிரே. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"போன தீவாளிக்கு மாரிக்கனியப் பத்தி புத்தகத்துல எழுதுனது கஸ்டமர் இல்ல. நான். அவகிட்ட இருந்த வாடை நம்ம எல்லாருகிட்டயும் இருந்துச்சு. எங்கிட்டயும் இருந்துச்சு. எங்கிட்ட வர்ற பார்ட்டி அவகிட்ட போனதுல எனக்குப் பொறாமை. அதான் எழுதுனேன். அந்த ஒரு எழுத்தாலதான் இந்த லைனே வந்துச்சு."

ரூபியின் பக்கம் நான் திரும்பவில்லை. அவள் செய்ததை அவளே சொல்லிக்கொள்ளட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். அது என் வேலை இல்லை.

ஞானதுரையின் முகம் சிவந்துவிட்டது. அவனுக்கு எதில் கோபம் வந்தது தெரியுமா? "கஸ்டமர் புக்குல ஸ்டாஃபு எழுதுறதா? அது கஸ்டமருக்குன்னு வச்சிருக்கது. எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா இது? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" ஒரு பிள்ளையை நடுக்கடையில் நிறுத்தி மோந்து பார்த்தது தப்பில்லை. அவள் வேலையை விட்டு ஓடியது தப்பில்லை. புத்தகத்தில் எழுதியதுதான் தப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் கத்தினான்.

"கார்ட வச்சுட்டுப் போம்மா. ரூபி, லைன ஆரம்பி. நேரமாவுது."

ரூபி டப்பாவைக் குலுக்கிக்கொண்டு முதல் ஆளிடம் போனாள். முதல் ஆள் செண்பகம், குழந்தைகள் பிரிவு, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வாய் திறந்து பேசுகிற பிள்ளை இல்லை. அவள் கையைத் தூக்கவில்லை.

"எனக்கு வேண்டாம் சார். அக்குள்ல புண்ணு."

"ஒனக்கும் ஆரம்பிச்சுட்டா? எப்பருந்து?"

"பொங்கல்ல இருந்து." அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இந்த அக்காட்ட ரெண்டு தடவ சொன்னேன். அரிக்கி, எனக்கு மட்டும் அடிக்காதியன்னு. நடிக்காத, கையத் தூக்குன்னாவ. அடிச்சாவ."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தேன். ஆனால் அவள் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் முழங்கையைப் பிடித்து நானே மேலே தூக்கிவிட்டதுகூட.

"ஆமா சார். சொன்னா. நாந்தான் கேக்கல" என்றேன்.

அவளுக்கு அடுத்து நின்றவளும் கையை இறக்கியபடியே நின்றாள். அதற்கடுத்தவள் பாதி தூக்கிவிட்டு இறக்கினாள். தூக்கியவர்களும் உண்டு. ரூபி டப்பாவைப் பில் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். ஞானதுரை டப்பாவைக் கையில் எடுத்தான். எடுத்துவிட்டு என்ன செய்வான்? அவன் அடிக்க முடியாது. அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஷட்டரைத் தூக்கச் சொன்னான்.

நான் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வரிசையை ஒட்டியே வெளியே நடந்தேன். இருபத்தைந்து பேரில் ஒருத்தியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை, போயிட்டு வாங்கக்கா என்றுகூடச் சொல்லவில்லை. செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நியாயம்தான். யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் அவளைத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.